நரி முகத்துல முழிச்சாச்சா பாஸ்?

ஹாஸ்டல்ல ராத்திரி பதினொன்றரை மணி. மறுநாள் இன்டர்னல் டெஸ்ட். அஞ்சு யூனிட்ல நாலு யூனிட் புத்தம் புதுசா, கை படாம இருக்கு. இந்த மாதிரி நேரத்துல ஒரு இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் என்ன பண்ணுவான்? கரெக்ட்... படிக்கிறதைத் தவிர மீதி எல்லாத்தையும் பண்ணுவான்!

அப்படித்தான் எங்க ரூம்ல ஒருத்தன் மொபைல்ல ஒரு க்விஸ்ஸை ஓட்டிக்கிட்டு இருந்தான். 'உங்கள் ஸ்பிரிட் அனிமல் எது?' பத்துக் கேள்வி. பதில் சொன்னா, உங்களுக்குள்ளே ஒளிஞ்சிருக்கிற விலங்கு எதுன்னு அது சொல்லிடுமாம். அவனுக்குக் கழுகு வந்துச்சு. பக்கத்து ரூம்ல, காத்தடிச்சா கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஒல்லிப் பையனுக்கு சிங்கம். எனக்கு? ராக்கூன்!

'நீங்கள் இரவில் விழித்திருப்பவர். கிடைத்ததைச் சாப்பிடுபவர். மூடிய எந்த டப்பாவையும் திறந்துவிடுவீர்கள்.' மெஸ் சாப்பாடு முடிஞ்ச கையோட அடுத்தவன் முறுக்கு டப்பாவைத் தேடிப் போற எனக்கு இதைவிட நல்ல சர்டிஃபிகேட் எந்த யூனிவர்சிட்டியும் தராது. ரூமே விழுந்து விழுந்து சிரிச்சுது.

அந்த வாரக் கடைசியில தர்மபுரி பக்கம் எங்க ஊருக்குப் போனப்ப ஆயாகிட்ட அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுத்திக் கறுப்பு முகமூடி, வளையம் வளையமா வால். உத்துப் பார்த்துட்டு ஆயா கேட்டாங்க: "ஏன் சாமி, இது முகத்துல முழிச்சா நல்லது நடக்குமா?"

"அதெல்லாம் தெரியாது ஆயா."

"அப்புறம் எதுக்கு இது? நம்ம நரி இருக்கையில..."

அந்த ஒரு வரியில இருந்து கிளம்பினதுதான் இந்தக் கட்டுரை.

முகமூடிக்காரன் கதை

முதல்ல ராக்கூனை அறிமுகப்படுத்திடறேன். வட அமெரிக்காவோட ஆளு. நம்ம நாட்டுக் காடுகள்ல கிடையாது. 'ராக்கூன்'ங்கிற பேரே அங்கே இருந்த பவ்ஹாட்டன் பழங்குடி மக்களோட மொழியில இருந்து ஆங்கிலத்துக்குப் போனது. கையால தேய்க்கிற, பிறாண்டுகிற பிராணின்னு அர்த்தம் சொல்றாங்க. அறிவியல் பேர்ல இருக்கிற 'லோட்டர்'ங்கிற லத்தீன் வார்த்தைக்கு 'கழுவுபவன்'னு பொருள். சாப்பாட்டைத் தண்ணியில முக்கி முக்கி எடுக்கிறதைப் பார்த்து வெச்ச பேரு. உண்மையில அது சுத்தக்காரன் எல்லாம் இல்லை பாஸ். அதோட முன்னங்காலுக்குத் தொடு உணர்ச்சி ரொம்ப ஜாஸ்தி. கையில என்ன இருக்குன்னு தடவித் தடவிப் 'படிக்குது'. நமக்கு அது குளியல் மாதிரி தெரியுது.

இந்த ராக்கூனை ஒரு நாடே காதலிச்ச கதை உங்களுக்குத் தெரியுமா? 1977-ல் ஜப்பான் டி.வி.யில 'ராஸ்கல்'னு ஒரு ராக்கூன் குட்டியோட கார்ட்டூன் தொடர் வந்துச்சு. செம ஹிட். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் 'எனக்கும் ஒரு ராஸ்கல் வேணும்'னு அடம் பிடிக்க, அமெரிக்காவுல இருந்து குட்டி குட்டியா இறக்குமதி பண்ணாங்க. குட்டியா இருக்கும்போது கொள்ளை அழகு. வளர்ந்ததும் கடிக்குது, பிறாண்டுது, வீட்டையே பிரிச்சு மேயுது. அது காட்டு விலங்கு, வேற எப்படி இருக்கும்? கடைசியில காட்டுல கொண்டுபோய் விட்டாங்க. அது பல்கிப் பெருகி, வயலையும் பழைய கோயில் மரக் கூரைகளையும் நாசம் பண்ண ஆரம்பிச்சுது. 2004-ல் ஜப்பான் அந்நிய உயிரினங்களுக்காகத் தனிச் சட்டமே போட்டு, ராக்கூனை இறக்குமதி பண்ணவும் வளர்க்கவும் தடை விதிச்சுது. இப்ப அங்கே அதைப் பொறி வெச்சுப் பிடிச்சுக் கொல்றாங்க.

தப்பு ராக்கூன் மேலயா? அதோட படத்தை நேசிச்சவங்க, அது எப்படி வாழற பிராணின்னு ஒரு நிமிஷம் கேக்கலை. அவ்வளவுதான் மேட்டர்.

'ஜப்பான்காரன் பண்ண கூத்துக்கு நாம என்ன பண்றது?'ன்னு கேக்கறீங்களா? கொஞ்சம் நம்ம வீட்டுப் பக்கம் வாங்க.

நம்ம ஊர் ஸ்பிரிட் அனிமல்

க்விஸ் எல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே நம்மகிட்ட அதிர்ஷ்ட விலங்குங்க லிஸ்ட் இருந்துச்சு. டீக்கடையில, மளிகைக்கடையில 'என்னைப் பார் யோகம் வரும்'னு ரெண்டு கழுதை நிக்கிற படத்தைப் பார்த்திருப்பீங்க. பல்லி விழுந்தா பலன், பூனை குறுக்கே போனா சகுனம். ஆனா இந்த லிஸ்ட்ல டாப் ரேங்க் யாருக்குன்னா, நரிக்குத்தான். எதிர்பார்க்காம பாஸ் ஆனாலோ, கேம்பஸ்ல வேலை கிடைச்சாலோ வீட்டுல என்ன கேக்கறாங்க? "இன்னிக்கு நரி முகத்துல முழிச்சியாடா?"

மதுரையில வருஷா வருஷம் ஆவணித் திருவிழாவுல, மாணிக்கவாசகருக்காக சிவபெருமான் நரியைப் பரியாக்கின லீலையைக் கொண்டாடறாங்க. அங்கே நரி, குதிரையா மாறி அரண்மனைக்கே போயிருக்கு. இன்னொரு பக்கம், 'நரிக்கொம்பு'ன்னு ஒரு முடிக்கத்தையைக் காட்டி 'பீரோவுல வெச்சா பணம் கொட்டும்'னு விக்கிற கும்பல். ஒண்ணு தெளிவா சொல்லிடறேன்... உலகத்துல எந்த நரிக்கும் கொம்பு கிடையாது. தோலையும் முடியையும் எலும்பையும் சேர்த்து ஒட்டித்தான் அந்தக் 'கொம்பு' தயாராகுது. கொட்டறது விக்கிறவன் பாக்கெட்டுல மட்டும்தான்.

இதெல்லாம் பேச்சு, கதை, ஏமாத்து. நிஜ நரியையே பிடிச்சுக்கிட்டு வர்ற ஊர்களும் இருக்கு. எங்க தர்மபுரி மாவட்டத்துல பொங்கல்னா எருது விடும் விழா. பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி, மஞ்சவாடி கணவாய்ல இறங்கினா சேலம் மாவட்டம். அங்கே வாழப்பாடி பக்கத்துல சின்னமநாயக்கன்பாளையம், ரங்கனூர், கொட்டவாடின்னு சில கிராமங்கள்ல ரொம்ப காலமா இருக்கிற வழக்கம், 'வங்காநரி ஜல்லிக்கட்டு'.

பொங்கலை ஒட்டி ஊர்க்காரங்க வலையோட கரட்டுப் பக்கம் கிளம்புவாங்க. வங்காநரி ஒண்ணைப் பிடிப்பாங்க. கடிக்காம இருக்க வாயைக் கட்டுவாங்க. கால்ல கயிறு. மாலை போட்டு, மேளதாளத்தோட ஊர்வலம். மாரியம்மன் கோயில் முன்னாடி பூஜை. அப்புறம் ஜனங்க நடுவுல கயிறோட ஓட விடுவாங்க. அது முகத்தைப் பார்த்துட்டா அந்த வருஷம் நல்ல மழை, நல்ல விளைச்சல்னு நம்பிக்கை. முடிஞ்சதும் திரும்பக் காட்டுல கொண்டுபோய் விட்டுடுவாங்க.

எனக்கு அப்ப ஏழு வயசு. எங்க அம்மா பிறந்த ஊர் அந்தப் பக்கம்தான். மாமா என்னைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு, "பார்றா மாப்ள, நல்லாப் பார்த்துக்க"ன்னு சொன்னார். நான் பெரிய மிருகம் ஒண்ணை எதிர்பார்த்தேன். வந்தது வீட்டுப் பூனையைவிடக் கொஞ்சம் பெருசு. அவ்வளவுதான். சுத்தி விசில், தப்புச் சத்தம். அது ஓடலை. தரையோட தரையா ஒட்டிக்கிச்சு. வயிறு மட்டும் வேகவேகமா ஏறி இறங்கிச்சு. எனக்கு இன்னிக்கும் ஞாபகம் இருக்கிறது அந்த வயிறுதான்.

அந்த வருஷம் எங்களுக்கு நல்லது நடந்துச்சான்னு கேக்காதீங்க. நாலாம் வாய்ப்பாடு மட்டும் வந்துச்சு.

நரியார் பயோ-டேட்டா

பெயர்: வங்காநரி. ஆங்கிலத்துல பெங்கால் ஃபாக்ஸ், இண்டியன் ஃபாக்ஸ்.

அறிவியல் பெயர்: வல்பெஸ் பெங்காலென்சிஸ். 1800-ல் ஜார்ஜ் ஷா வைத்த பெயர்.

சொந்த ஊர்: இந்தியத் துணைக்கண்டம் மட்டுமே. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது.

எடை: சுமார் 2 முதல் 4 கிலோ. (உங்க லேப்டாப் பையை ஒருமுறை தூக்கிப் பாருங்க.)

அடையாளம்: சாம்பல் கலந்த பழுப்பு உடம்பு, மெலிந்த கால், புசுபுசு வால், வால் நுனியில் கறுப்பு.

முகவரி: புல்வெளி, கரடு, முள்புதர், வயல் ஓரம். அடர்ந்த காடு பிடிக்காது. பல வாசல் வைத்த வளை.

மெனு: எலி, வெட்டுக்கிளி, வண்டு, கரையான், நண்டு, ஓணான், தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டை, இலந்தைப்பழம், வேப்பம்பழம்.

குடும்பம்: ஜோடியாக வாழும். குட்டிகளை அப்பா, அம்மா இரண்டு பேரும் சேர்ந்து வளர்ப்பார்கள்.

அடிக்கடி நடக்கும் ஆள்மாறாட்டம்: ஊருக்கு வெளியே ராத்திரியில் கூட்டமாக ஊளையிடுவது பெரும்பாலும் பொன்னிறக் குள்ளநரி. அது நாய், ஓநாய் பக்கத்துச் சொந்தம். உருவத்திலும் பெரியது. இரண்டையும் நாம் 'நரி' என்றே சொல்வதால் குழப்பம்.

ஒரு சின்னக் கணக்கு

பயோ-டேட்டாவைத் தேடிப் படிக்கும்போது ஒரு இடத்துல அப்படியே நின்னுட்டேன். வங்காநரி குட்டி போடறது பெரும்பாலும் பிப்ரவரியில இருந்து ஏப்ரலுக்குள்ள. கர்ப்ப காலம் 50 முதல் 53 நாள்.

நாம இன்ஜினீயரிங் ஆச்சே, கணக்குப் போடாம இருப்போமா? மார்ச் 5-ம் தேதி பிறக்கற குட்டிக்கு 51 நாள் பின்னாடி போனா, ஜனவரி 13. அதாவது போகிப் பக்கம். பிப்ரவரி 20-ல் பிறக்கற குட்டின்னா, டிசம்பர் 31. அப்ப ஜனவரி 16, காணும் பொங்கல் அன்னிக்கு அந்தத் தாய் நரி 16 நாள் கர்ப்பிணி.

புரியுதா? வருஷத்துல 365 நாள் இருக்கு. அந்த ஜோடி சேர்ற, கர்ப்பம் ஆகற நாட்களாப் பார்த்து நாம வலையைத் தூக்கிக்கிட்டுப் போறோம். யாரும் வேணும்னு பண்ணலை. பொங்கல் அறுவடைக் காலத்துல வருது, நரியோட கல்யாண சீஸனும் அப்பத்தான் வருது. ரெண்டு காலண்டரும் ஒரே தேதியில முட்டிக்குது.

ஏழு வயசுல நான் பார்த்த அந்த வயிறு ஏன் அப்படி ஏறி இறங்கிச்சுன்னு இத்தனை வருஷம் கழிச்சு யோசிச்சேன். பயத்துலதான் இருக்கும். ஆனா ஆணா பெண்ணான்னு அன்னிக்கு அந்தக் கூட்டத்துல யாரும் பார்க்கலை.

மாமா வெர்சஸ் மாப்ள

இதை எழுதறதுக்கு முன்னாடி மாமாவுக்குப் போன் போட்டேன். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு எழுதறது தப்பு இல்லையா?

"நாங்க என்ன கொல்றோமா மாப்ள? சாமியா நினைச்சு மாலை போடறோம். காலையில பிடிச்சு சாயங்காலம் விட்டுடறோம். கோழிக்கறிக் கடையில தினம் என்ன நடக்குது, அதை எழுதுவியா?"

கேள்வி நியாயமாத்தான் இருந்துச்சு. அந்த ஊர்க்காரங்க யாரும் கொடுமைக்காரங்க கிடையாது. வானத்தைப் பார்த்து விதைக்கிற மானாவாரி பூமி அது. ஒரு மழை தப்பினா ஒரு வருஷம் போச்சு. அப்படிப்பட்ட இடத்துல ஜனங்க எதையாவது நம்பித்தான் வருஷத்தைத் தொடங்கணும். என் ஹால் டிக்கெட்டுல விபூதி வெக்கிற நான் அவங்களைப் பார்த்து சிரிக்க முடியுமா?

ஆனாலும் மாமாகிட்ட மூணு விஷயம் சொன்னேன்.

ஒண்ணு, சட்டம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-ல் 'வேட்டை'ங்கிற வார்த்தைக்குக் கொல்றது மட்டும் அர்த்தம் இல்லை. பிடிக்கிறது, பொறி வெக்கிறது, விரட்டறது எல்லாமே வேட்டைதான். வங்காநரி அந்தச் சட்டத்தோட பாதுகாப்புல இருக்கு. பொங்கல் நெருங்கும்போது வனத்துறை எச்சரிக்கை பண்றதும், மீறிப் பிடிச்சவங்களுக்கு அபராதம் போட்டதும் பேப்பர்ல வந்த செய்திகள். விளைச்சலுக்காகப் பிடிச்ச நரி, விளைஞ்ச காசையே வாங்கிட்டுப் போன மாதிரி ஆயிடும்.

ரெண்டு, 'விட்டுட்டோம்'ங்கிறது முடிவு இல்லை. துரத்திப் பிடிச்ச காட்டு விலங்குக்குப் பயத்துலயும் போராட்டத்துலயும் தசையெல்லாம் பாதிச்சு, விடுவிச்ச பிறகு செத்துப்போகிற ஆபத்து உண்டு. மான்கள்கிட்ட இதை நிறையப் பார்த்திருக்காங்க, மத்த விலங்குகளுக்கும் வரலாம். நாம பார்த்தது அது ஓடினதைத்தான். புதருக்கு அந்தப் பக்கம் என்ன ஆச்சுன்னு யாரும் போய்ப் பார்த்ததில்லை.

மூணு, நம்ம உடம்பு. கடி வாங்கினா ரேபிஸ் அபாயம். வெறிநோய் நாய்க்கு மட்டும் வர்றது இல்லை, நரிக்கும் வரும்.

மாமா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "இப்பல்லாம் நரியே கண்ணுல படறதில்லடா. முன்னாடி கரட்டுல ஏறினா போதும்"னு சொன்னார்.

நான் சொன்ன மூணு பாயின்ட்டைவிட, மாமா சொன்ன இந்த ஒரு பாயின்ட்தான் பெருசு.

ஆயா சொன்னது ரைட்டு

நரி எங்கே போச்சு? வலை மட்டும் காரணம் இல்லை. அது வாழற இடத்துக்கு நம்ம கவர்ன்மென்ட் ரெக்கார்டுல என்ன பேர் தெரியுமா? தரிசு. 'வேஸ்ட்லேண்ட் அட்லஸ்'னு நாட்டுல இருக்கிற தரிசு நிலத்துக்கெல்லாம் ஒரு வரைபடத் தொகுப்பே இருக்கு. புதர்க்காடுகள் அதுல ஒரு வகை. நமக்கு 'வேஸ்ட்'. நரிக்கு வீடு, வயல், பிரசவ வார்டு எல்லாமே அதுதான். தரிசுதானேன்னு நினைச்சா அங்கே ப்ளாட் போடலாம், கல் உடைக்கலாம், தைல மரம் நடலாம். கேக்க ஆளில்லை. நரி மனு கொடுக்காது.

அடுத்தது நாய். தெரு நாய்ங்க கூட்டமா கரட்டுப் பக்கம் திரியுது. மகாராஷ்டிரா நான்னஜ் புல்வெளியில ஆராய்ச்சியாளர் அபி தமீம் வனக், வங்காநரியும் நாய்களும் ஒரே இடத்துல இருந்தா என்ன ஆகுதுன்னு ஆராய்ஞ்சிருக்கார். நாய் துரத்தறது மட்டும் இல்லாம, டிஸ்டெம்பர், ரேபிஸ் மாதிரி நோய்களையும் கொடுக்கலாம். உலக அளவுல இந்த நரி இப்ப 'அழியும் ஆபத்து' பட்டியல்ல இல்லை. ஆனா எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே வருதுன்னுதான் பதிவாகி இருக்கு.

ஒரு ஆச்சர்யமான தகவல். இந்தியாவுல புலி, செந்நாய் ஆராய்ச்சின்னா முதல்ல வர்ற பேர்கள்ல ஒண்ணு ஏ.ஜே.டி.ஜான்சிங். நம்ம நாங்குநேரிக்காரர். சிவகாசியில ஒரு காலேஜ்ல விலங்கியல் சொல்லிக் கொடுத்தவர். 2024-ல் காலமானார். அவர் 1978-ல் வெளியிட்ட கட்டுரைகள்ல ஒண்ணு இந்த வங்காநரியைப் பத்தினது. பெரிய மிருகங்களுக்குப் பேர் போனவரே இந்தக் குட்டி மிருகத்துக்காக உக்காந்து கவனிச்சிருக்கார்.

இப்ப அந்த மெனுவை இன்னொரு தடவை பாருங்க. எலி. வெட்டுக்கிளி. வண்டு. கரையான். நண்டு. இதுல பாதி, நிலக்கடலையும் சோளமும் நெல்லும் போட்ட விவசாயியோட எதிரிப் பட்டியல்! எப்பவாவது ஒரு கோழியைத் தூக்கும், அதை மறைக்கலை. ஆனா வருஷம் பூரா ராத்திரி டியூட்டி பார்த்து எலி பிடிக்கிறதுக்குச் சம்பளமும் கேக்கறதில்லை, லீவும் கேக்கறதில்லை.

அப்ப ஆயா சொன்னது ரைட்டுதானே? நரி முகத்துல முழிச்சா விளைச்சல் நல்லா இருக்கும். காலையில எழுந்து காட்டுக்குப் போறப்ப வரப்பு ஓரமா ஒரு நரியைப் பார்க்கிற விவசாயிக்கு என்ன அர்த்தம்? அவர் நிலத்துல இன்னும் உசிர் இருக்கு, எலிக்கு எமன் இருக்கான், பக்கத்துல புல்லும் புதரும் மிச்சம் இருக்கு. இதைப் பார்த்துப் பார்த்துத்தான் 'நரி முகம் நல்ல முகம்'னு யாரோ ஒரு பாட்டன் சொல்லியிருப்பார்னு நான் நினைக்கிறேன். அந்தப் பேச்சு சரி. அதைக் கயித்துல கட்டிக்கிட்டு வந்ததுலதான் தப்பாயிடுச்சு. அதிர்ஷ்டம் நரி நம்ம காட்டுல இருக்கிறதுல இருக்கு பாஸ். காட்டுல இருந்து இழுத்துட்டு வந்தா, அதிர்ஷ்டத்தைத்தான் இழுத்துட்டு வர்றோம்.

முழிச்சேன் ஒரு நாள்

போன லீவுல சித்தப்பாவோட நிலக்கடலைக் காட்டுக்குக் காவலுக்குப் போயிருந்தேன். ராத்திரி முழுக்கக் கொசுக்கடி. விடியற நேரம். பனி. கடலைக்கொடி ஓரமா ஏதோ அசைஞ்சுது. பூனைன்னு நினைச்சேன். திரும்பிச்சு. வால் நுனி கறுப்பு!

என்னைப் பார்த்துச்சு. நானும் பார்த்தேன். மொபைலை எடுக்கலாம்னு கை பைக்குப் போச்சு. எதுக்கோ எடுக்கலை. ஒரு பத்து செகண்ட் இருக்கும். அப்புறம் அது ரெண்டு காதையும் முன்னாடி குவிச்சு, ஒரு தாவு தாவி, எதையோ கவ்விக்கிட்டு, அவசரமே இல்லாம புதருக்குள்ள நடந்து போச்சு. ஓடலை. நடந்துச்சு. அந்த நடையைப் பார்த்தப்பதான், ஏழு வயசுல நான் பார்த்தது நரியே இல்லைன்னு தோணிச்சு. அன்னிக்குப் பார்த்தது ஒரு பயம். இதுதான் நரி.

அன்னிக்கு எனக்கு ஒரு நல்லதும் நடக்கலை. பஸ்ஸை விட்டேன், லேப்ல திட்டு வாங்கினேன். ஆனா சந்தோஷமா இருந்தேன்.

நாம என்ன பண்ணலாம்?

'தடை பண்ணு, ஜெயில்ல போடு'ன்னு கத்திட்டுப் போறது ஈஸி. நம்பிக்கையைப் பிடுங்கிட்டா அந்த இடத்துல எதையாவது வெக்கணும். ஜப்பானையே திரும்பப் பார்ப்போம். ராக்கூன் விஷயத்துல கோட்டை விட்ட அதே நாட்டுல, நெல்லுக்கான தெய்வம் இனாரி. அந்தத் தெய்வத்தோட தூதர் யாருன்னு நினைக்கறீங்க? நரி! கியோட்டோவுல இருக்கிற ஃபுஷிமி இனாரி கோயில்ல எங்கே பார்த்தாலும் நரிச் சிலைகள்தான். விளைச்சலுக்கு நரியைக் கும்பிடற நம்பிக்கை அங்கேயும் இருக்கு, ஆனா கல்லா நிக்குது. கல்லுக்கு மாலை போட்டா வலிக்காது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம்ம பக்கத்துக் கோயில்கள்ல மண்ணுல குதிரை, மாடு செஞ்சு நேர்ந்து விடற வழக்கம் இருக்கே... உருவாரம்! அதே குயவர் கையால ஒரு மண் நரி. அதே மாலை, அதே மேளம், அதே மாரியம்மன், அதே பொங்கல். நரி மட்டும் கரட்டுல, அதோட ஜோடியோட.

நம்ம பங்குக்கு இன்னும் கொஞ்சம்:

* நரிக்கொம்பு, நரிப்பல், நரித்தோல்னு யார் வித்தாலும் வாங்காதீங்க, வனத்துறைக்குச் சொல்லுங்க. வாங்கறதும் குற்றம்.

* வளையைப் பார்த்தா தள்ளி நில்லுங்க. குச்சி விட்டுக் குடையறது, புகை போடறது வேண்டாம். அது இருக்கிற இடத்தைப் படம் பிடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்பவும் வேண்டாம்.

* கரட்டு ஓர ரோட்டுல ராத்திரி பைக் ஓட்டறீங்களா? கொஞ்சம் மெதுவா. ஹெட்லைட்ல ரெண்டு கண்ணு மின்னினா பிரேக் பிடிங்க.

* ஊர் நாய்களுக்குத் தடுப்பூசி முகாம் நடந்தா, என்.எஸ்.எஸ். கேம்ப்ல அதையும் சேர்த்துக்கலாமே!

* 'தரிசு'ன்னு யாராவது சொன்னா, 'யாருக்கு?'ன்னு ஒரு கேள்வி கேளுங்க.

ஊருக்குப் போனப்ப மண் நரி ஐடியாவை மாமாகிட்ட சொன்னேன். தாடையைச் சொறிஞ்சுக்கிட்டே, "ஊர்ல பெரியவங்க ஒத்துக்கணும் மாப்ள... பேசிப் பாக்கறேன்"னார். எங்க மாமா 'பேசிப் பாக்கறேன்'னு சொன்னா அது பாதி சம்மதம். மீதிப் பாதிக்கு அடுத்த பொங்கல் வரைக்கும் டைம் இருக்கு.

ஆங்... அந்த க்விஸ்! ரூமுக்குத் திரும்பினதும் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். திரும்பவும் ராக்கூன்தான். இருந்துட்டுப் போகட்டும், முறுக்கு டப்பா கேஸ்ல நான் நிரபராதி இல்லை. ஆனா இப்ப யாராவது 'உன் ஸ்பிரிட் அனிமல் எது?'ன்னு கேட்டா, கடலைக்காட்டுல பார்த்த ஆளைத்தான் சொல்றேன். அதுகிட்டப் போய் இதைச் சொன்னா என்ன சொல்லும் தெரியுமா?

"ரொம்ப சந்தோஷம் தம்பி... ஆளை விடு!"